த்ராட்டில் சென்சாரை மாற்றியும் ஆர்.பி.எம். விழுகிறது

ஜூன் 4, காலை (கேள்வி)

20 டன் எக்ஸ்கவேட்டர், எலக்ட்ரானிக் எஞ்சின். காலையில் ஸ்டார்ட் செய்தால் ஒரு குறையும் இல்லை. ஒரு மணி நேரம் மண் அள்ளிய பிறகு, எஞ்சின் வேகத்தை வைக்கும் த்ராட்டில் டயல் முழுவதும் திருப்பிய நிலையிலேயே எஞ்சின் ஐடிலுக்கு (சும்மா ஓடும் குறைந்த வேகத்துக்கு) இறங்கிவிடுகிறது. சாவியை அணைத்துப் போட்டால் மறுபடி ஓடுகிறது. திரையில் கோளாறுக் குறியீடாக எஸ்பிஎன் 91 (எந்தச் சிக்னல்), எஃப்எம்ஐ 4 (என்ன வகைக் கோளாறு) என்று வருகிறது. த்ராட்டில் டயலை சென்சாரோடு புதிதாக மாற்றினோம். இரண்டு நாள் ஒழுங்காக ஓடியது, பிறகு பழைய கதைதான். குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறோம். புதிய டயலும் பழுதாகவே வந்திருக்குமா?

ஜூன் 4, மதியம்

வந்திருக்கலாம். ஆனால் அதை நம்பி இன்னொரு டயலுக்குச் சொல்லிவிடாதீர்கள்.

எஸ்பிஎன் 91 என்றால் ஆக்சிலரேட்டர் நிலை 1. எஃப்எம்ஐ 4 என்றால் வோல்ட் இயல்புக்குக் கீழே போய்விட்டது அல்லது எர்த்தோடு ஷார்ட். கனரக வண்டிகளின் கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ளும் எஸ்ஏஇ ஜே1939 நெறியில் உள்ள எண்கள் இவை. அந்த நெறியில் பேசும் எந்த எஞ்சினிலும் இதற்கு இதுதான் பொருள். கம்மின்ஸ் எஞ்சின் இதையே 132 என்று தன் சொந்த எண்ணாலும் காட்டும். வோல்ட் மேலே போனால் அங்கே 131, நெறியின் கணக்கில் எஃப்எம்ஐ 3.

இந்த எண் சென்சாரின் மேல் குற்றம் சொல்லவே இல்லை. இசிஎம்மின் (எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டரின்) ஒரு பின்னுக்கு வந்து சேர்ந்த வோல்ட் குறைவு என்கிறது, அவ்வளவுதான். சென்சாருக்குப் போகும் 5 வோல்ட் குறைந்தாலும், திரும்பி வரும் சிக்னல் வயர் உரசினாலும், நடுவில் ஒரு கனெக்டர் கெட்டாலும் இதே எண்தான் வரும். இவற்றில் சென்சாரை மாற்றுவதுதான் சுலபம், அதனால் எல்லாரும் அதையே முதலில் மாற்றுகிறார்கள்.

குறியீட்டை அழிப்பதை முதலில் நிறுத்துங்கள். அடுத்த முறை விழும்போது, இப்போது இருப்பவை, நினைவில் பதிந்தவை என்று இரண்டு பட்டியலையும் முழுதாக எழுதி அனுப்புங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே இருக்கும் மணி மீட்டர் எண்ணையும் (எஞ்சின் அதுவரை ஓடிய மொத்த மணி) சேர்த்து எழுதுங்கள்.

ஜூன் 4, மதியம், சற்றுப் பிறகு

ஒன்று விட்டுப்போயிற்று. சாவியை அணைத்துப் போட்டால் சரியாவதை வைத்து ‘கம்ப்யூட்டர் கோளாறு’ என்று யாராவது சொன்னால் தலையாட்ட வேண்டாம். சில இசிஎம்கள் த்ராட்டில் சிக்னல் ஒரு கணம் அறுந்தாலே ஐடிலுக்கோ ஒரு பாதுகாப்பு வேகத்துக்கோ போய், சாவி அணையும்வரை அங்கேயே நிற்கும். வயர் உடனே ஒட்டிக்கொண்டாலும் அவை திரும்பி வருவதில்லை. டயலை முழுவதும் திருப்பி வைத்திருக்கும்போது எஞ்சின் தானாகப் பாய்ந்து எழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துத்தான் அப்படி அமைத்திருக்கிறார்கள்.

ஜூன் 4, இரவு

டீசல் ஃபில்டரை மாற்றச் சொல்லும் அன்பருக்கு: இந்த வண்டியில் எஃப்எம்ஐ 4 வருகிறது, ஃபில்டர் அடைத்தால் அது வராது. ஆனாலும் நீங்கள் சொன்னதைத் தள்ளிவிட மாட்டேன். குறியீடே இல்லாமல் இதே அறிகுறியோடு நிற்கும் வண்டிகள் ஏராளம். டாங்கில் உறிஞ்சு குழாயின் வாயில் குப்பை சேர்ந்தாலும் சூடேறிய பிறகு இழுவை போகும், அணைத்தால் குப்பை கீழே படிந்துவிடும், திரும்பப் போட்டால் ஓடும். ஆபரேட்டரின் காதுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இரண்டையும் பிரிக்க ஒரே ஒரு இடம் இருக்கிறது. சர்வீஸ் திரையிலோ கையில் வைக்கும் ஸ்கேனரிலோ, எஞ்சினிடம் கேட்கப்படும் வேகம், எஞ்சின் உண்மையில் ஓடும் வேகம் என்று இரண்டு எண்கள் ஓடும். இழுவை போகும் அந்த நிமிடத்தில் இரண்டையும் பாருங்கள். கேட்பது 1900 என்று அசையாமல் நின்று, ஓடுவது மட்டும் 1500-க்கு இறங்கினால் த்ராட்டில் சென்சார் குற்றமற்றது. டீசல், காற்று, டர்போ, பம்ப்பின் சுமை, எமிஷன் பிரச்சினையால் பவரைக் குறைக்கும் கட்டுப்பாடு என்று வேறு பக்கம் தேடுங்கள். கேட்கும் எண்ணே 1900-லிருந்து 900-க்கு விழுந்தால் எஞ்சின் சொன்ன பேச்சைக் கேட்கிறது என்று பொருள். சொல்கிறவரிடத்தில்தான் கோளாறு.

இதைப் பார்க்காமல் யார் எந்தப் பாகத்தை மாற்றச் சொன்னாலும் அது சீட்டு எடுப்பதுதான். மீதியெல்லாம் இதற்குப் பிறகு.

டீசல் எஞ்சினில் ‘த்ராட்டில்’ என்ற பேச்சே கொஞ்சம் ஏமாற்றும். பெட்ரோல் எஞ்சினில் மிதித்தால் காற்று வழி திறக்கிறது. இங்கே டயலும் பெடலும் எதையும் திறப்பதில்லை, ‘இந்த வேகத்தில் ஓடு’ என்று ஒரு விண்ணப்பம் மட்டும் போடுகின்றன. அந்த வேகத்தைப் பிடிக்க எவ்வளவு டீசல் வேண்டும் என்று இசிஎம் கணக்குப் போட்டுக்கொள்ளும்.

ஜூன் 5

கேட்கும் வேகம் விழுந்தாலே சென்சார்தான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், நேற்று எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். எக்ஸ்கவேட்டரில் ஆட்டோ ஐடில் இருக்கிறது. லீவர்கள் நடுவில் சில விநாடி சும்மா நின்றால் கன்ட்ரோலரே வேகத்தைக் குறைத்துவிடும். லீவர் அசைவதை, அப்போது எழும் பைலட் எண்ணெய் அழுத்தத்தை உணரும் ஸ்விட்சோ சென்சாரோ சொல்கிறது. அது கெட்டால், ஆபரேட்டர் மண் அள்ளிக்கொண்டிருக்கும்போதே ‘சும்மா உட்கார்ந்திருக்கிறார்’ என்று கன்ட்ரோலர் முடிவு செய்துவிடும். ஆட்டோ ஐடில் பொத்தானை அணைத்துவிட்டு ஒரு வேளை ஓட்டிப் பாருங்கள். காசு செலவில்லாத சோதனை.

இன்னொன்று, பல வண்டிகளில் டயல் நேராக எஞ்சின் இசிஎம்முக்குப் போவதில்லை. வண்டியின் கன்ட்ரோலருக்குப் போய், அங்கிருந்து கேன் வயர் (கன்ட்ரோலர்கள் பேசிக்கொள்ளும் இரட்டை வயர்) வழியாகச் செய்தியாகத்தான் எஞ்சினுக்குப் போகிறது. அந்த வழி அறுந்தால் எஃப்எம்ஐ 9 அல்லது 19 போன்றவை வரும், 3-ம் 4-ம் வராது. அப்படி வந்தால் பேட்டரியைக் கழற்றிவிட்டு கேன் வயர்கள் இரண்டுக்கும் இடையே ஓம் பாருங்கள். இரு முனையிலும் ஒவ்வொரு 120 ஓம் ரெசிஸ்டர் இருப்பதால் மீட்டர் 60 காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு முனை இல்லை.

கேள்வி கேட்டவரின் வண்டியில் 4 வருவதால் இந்தப் பக்கம் போக வேண்டாம்.

ஜூன் 7

மீட்டர் வைத்து எப்படிப் பார்ப்பது என்று கேட்டவருக்கு. பக்கெட்டைத் தரையில் ஊன்றுங்கள், பாதுகாப்பு லீவரைப் பூட்டுங்கள், டிராக் பக்கம் ஆள் நிற்க வேண்டாம். த்ராட்டில் சோதனையில் எஞ்சின் எப்போது பாயும் என்று சொல்ல முடியாது.

பொட்டென்ஷியோமீட்டர் வகையில், அதாவது கார்பன் பாதையில் ஒரு முனை நகர்ந்து வோல்ட்டை மாற்றும் சென்சாரில், மூன்று வயர்கள்: 5 வோல்ட், எர்த், சிக்னல். சாவி ஆன், எஞ்சின் ஆஃப். கனெக்டரைக் கழற்றி 5 வோல்ட்டுக்கும் எர்த்துக்கும் நடுவே பாருங்கள். ஐந்தை ஒட்டி இருக்க வேண்டும். பிறகு கனெக்டரை மாட்டி, பின்பக்கமாக மெல்லிய ஊசி முனையை நுழைத்து சிக்னலைப் பாருங்கள். ஐடிலில் அரை வோல்ட்டிலிருந்து ஒரு வோல்ட்டுக்குள், முழுவதும் திருப்பினால் நாலு, நாலரை. மாடலுக்கு மாடல் மாறும். வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ளதே முடிவு.

இரு முனையிலும் சரியாக இருந்தால் சென்சார் நல்லது என்று பலர் மூட்டை கட்டிவிடுகிறார்கள். கோளாறு நடுவில்தான் ஒளிந்திருக்கும். பழைய டயல் ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் தெரியும்: கரிய கார்பன் பாதை முழுவதும் மங்கலாக இருக்கும், ஆபரேட்டர் நாள் முழுவதும் டயலை வைத்திருக்கும் அந்த ஒரு இடத்தில் மட்டும் நகத்தால் கீறியது போல் பளபளவென்று ஒரு பள்ளம். முனை அங்கே நிற்கும்போது அதிர்வில் துள்ளுகிறது, ஒரு மில்லி விநாடி தொடர்பு போய் வருகிறது. எக்ஸ்கவேட்டரில் இந்தத் தேய்மானம் முழு வேகத்துக்குச் சற்று முன்னால் இருக்கும். லோடர் பெடலில் ஐடில் பக்கம்.

எண் காட்டும் மீட்டருக்கு இந்தத் துள்ளல் தெரியாது, அது விநாடிக்குச் சில முறைதான் எண்ணை மாற்றுகிறது. மிகக் குறைந்த, மிக அதிகமான அளவைப் பிடித்து வைக்கும் பொத்தான் இருந்தால் அதைப் போட்டுவிட்டு டயலை ஆமை வேகத்தில் திருப்புங்கள். பழைய முள் மீட்டரும் உதவும், முள் உதறுவது கண்ணுக்குத் தெரியும். வோல்ட்டைக் கோடாக வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் இருந்தால் இவை எதுவும் வேண்டாம்.

எர்த்தையும் விடாதீர்கள். எஞ்சின் ஓடும்போது சென்சாரின் எர்த் பின்னுக்கும் பேட்டரி மைனசுக்கும் நடுவே 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வழியில் எங்கோ தடை இருக்கிறது. எர்த் முழுதாக அறுந்தால் சிக்னல் 5 வோல்ட்டை நோக்கி ஏறி எஃப்எம்ஐ 3 வரும். 5 வோல்ட் அறுந்தால் சிக்னல் சரிந்து 4 வரும். எனவே கேள்வி கேட்டவர் எர்த்தைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். 5 வோல்ட் வயரையும் சிக்னல் வயரையும் பாருங்கள்.

ஜூன் 7, இரவு

‘என் வண்டியில் 5 வோல்ட்டே இல்லை, 8 காட்டுகிறது, சிக்னல் வோல்ட்டும் உங்கள் கணக்கில் இல்லை’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். உங்களுடையது வேறு வகை. கேட்டர்பில்லர் எஞ்சின்கள் பலவற்றில் த்ராட்டில் சென்சார் துடிப்பாக, பிடபிள்யூஎம் வகையில் பேசும். வோல்ட்டின் உயரத்தில் அங்கே செய்தி இல்லை, ஒவ்வொரு துடிப்பும் எவ்வளவு நேரம் மேலே நிற்கிறது என்பதில் இருக்கிறது. ஐடிலில் அந்த விகிதம் சுமார் 10 முதல் 22 சதவீதம், முழு வேகத்தில் 75 முதல் 90 சதவீதம். மீட்டரில் சதவீதக் குறி உள்ள நிலையில் வைத்துப் பாருங்கள். வோல்ட் நிலையில் வைத்தால் சராசரியைக் காட்டிக் குழப்பும். துடிப்பு கெட்டால் எஃப்எம்ஐ 8 வரும். நான் மேலே எழுதிய வோல்ட் கணக்கு முழுவதும் பொட்டென்ஷியோமீட்டர் வகைக்கு மட்டும்தான்.

ஜூன் 8

கன்சோலைத் தட்டினால் சரியாகிவிடுகிறது என்கிற நண்பர் பாதி வேலையை முடித்துவிட்டார். எந்த இடத்தில் தட்டினால் சரியாகிறது என்றும் எழுதினால் மீதியையும் முடித்துவிடலாம்.

வயரின் தோலை ஊசியால் குத்திப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இங்கே இடம் கிடையாது. அந்தத் துளை வழியாக ஈரம் இறங்கி, செம்புக் கம்பிக்குள்ளேயே ஊர்ந்து, அடுத்த மழைக்காலத்தில் பச்சைப் பொடியாக நிற்கும். அதைக் கண்டுபிடிப்பது உங்களுக்குப் பின்னால் வருகிறவரின் தலையெழுத்து.

ஜூன் 11

கேள்வி கேட்டவர் பட்டியலை அனுப்பியிருக்கிறார். இதற்காகத்தான் கேட்டேன். எஸ்பிஎன் 91 எஃப்எம்ஐ 4. எஸ்பிஎன் 102 எஃப்எம்ஐ 4. எஸ்பிஎன் 3509 எஃப்எம்ஐ 4. மூன்றும் ஒரே மணி மீட்டர் எண்ணில். திரையில் முதலில் தெரிந்ததை மட்டும் குறித்துக்கொண்டு மற்றவற்றைச் சேர்த்து அழித்துக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

102 என்பது எஞ்சினுக்குள் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டின் காற்றழுத்தம், பூஸ்ட் சென்சார் அளப்பது. 3509 என்பது சென்சார்களுக்கு 5 வோல்ட் கொடுக்கும் முதல் சப்ளை. டயலும் பூஸ்ட் சென்சாரும் ஒரே சப்ளையில் தொங்குகின்றன. சப்ளை சரிந்தால் இரண்டும் சேர்ந்து சரியும். மூன்று நோய் இல்லை, ஒன்றுதான். அது டயலில் இல்லவும் இல்லை.

இனிச் செய்ய வேண்டியது: டயல் கனெக்டரில் 5 வோல்ட்டில் மீட்டரை மாட்டி, குறைந்த அளவைப் பிடிக்கும் நிலையில் வைத்துவிட்டு, எஞ்சினைச் சூடேற்றுங்கள். சூடான பிறகு ஹார்னஸை (வயர்க் கட்டை) ஒவ்வொரு கிளாம்ப்பாக அசையுங்கள். எங்கே அசைக்கும்போது மீட்டர் விழுகிறதோ அங்கே நில்லுங்கள். விழுந்தபடியே நின்றுவிட்டால், அந்தச் சப்ளையில் உள்ள சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்புகிறதோ அந்தச் சென்சார்தான். எல்லாவற்றையும் கழற்றியும் திரும்பாவிட்டால் பெரும்பாலும் வயர் எர்த் ஆகிறது.

எந்தச் சென்சார் எந்தச் சப்ளையில் என்பதை வயரிங் படத்தைப் பார்த்துச் செய்யுங்கள். ஊகத்தில் கழற்ற வேண்டாம்.

ஜூன் 13

கிடைத்துவிட்டது. பூஸ்ட் சென்சாருக்குப் போகும் கிளை, எஞ்சின் மேல் ஒரு பிராக்கெட்டின் விளிம்பில் கிளாம்ப்புக்கு அடியில் உரசியிருக்கிறது. படம் அனுப்பியிருக்கிறார். குழாய் தேய்ந்து, உள்ளே ஒரே ஒரு வயரின் தோல் போய், செம்பு தெரிகிறது. பிராக்கெட்டிலும் அதே இடத்தில் பெயின்ட் போய் இரும்பு மின்னுகிறது.

புது டயல் போட்ட இரண்டு நாள் மட்டும் ஏன் ஓடியது என்று கேட்டேன். அந்த இரண்டு நாளும் தரை சமன் செய்யும் லேசான வேலை என்கிறார். எஞ்சின் சுமையில் மவுன்டிங்கில் ஆடவில்லை, சூடும் அவ்வளவு ஏறவில்லை, தோலும் இளகவில்லை. புது டயலுக்கு அதில் பங்கே இல்லை.

டேப் சுற்றி விட்டுவிடாதீர்கள். தோல் போன இடத்தை வெட்டி, ஒழுங்கான கிரிம்ப் (அழுத்திப் பிடிக்கும் இணைப்பு) போட்டு இணைத்து, உள்ளே பசை உள்ள சுருங்கு குழாயால் மூடுங்கள். ஈயம் வைத்துப் பற்றவைத்தால் அந்த இடம் விறைத்துவிடும், அதிர்வில் அதற்கு அடுத்த அங்குலத்தில் முறியும் என்பது என் கட்சி. வேறு கட்சியினர் வாதாடலாம். பிறகு கிளாம்ப்பை விளிம்பிலிருந்து நகர்த்துங்கள். நகர்த்தாவிட்டால் இதே உரையாடலில் மீண்டும் சந்திப்போம்.

ஜூன் 14

லோடர்காரர் கேட்டது: பெடலில் ஆறு வயர், எஸ்பிஎன் 29-ம் சேர்ந்து வருகிறது. உங்கள் பெடலில் இரண்டு சென்சார்கள் இருக்கின்றன, 91 ஒன்று, 29 மற்றொன்று. பல பெடல்களில் இரண்டாவதன் வோல்ட் முதலாவதன் பாதி. இந்தப் பொருத்தம் தவறினால் இசிஎம் இரண்டையும் நம்பாது. ஆறு வயர் எதற்கு என்றால், இரண்டுக்கும் ஒரே 5 வோல்ட் கொடுத்தால் அது சரியும்போது இரண்டும் சேர்ந்து சரிந்து, பாதிக் கணக்கு அப்போதும் பொருந்திவிடும். அதனால் சப்ளையும் எர்த்தும் தனித்தனி. எந்தத் தொகுதியில் சப்ளை குறைகிறது என்று பாருங்கள். சென்சார் இரண்டும் ஒரே நாளில் தேய்வது அபூர்வம்.

எஸ்பிஎன் 558 வந்தால் அது ஐடில் ஸ்விட்ச். பெடல் முழுதாக மேலே வரவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். மீட்டரை எடுக்கும் முன் ரப்பர் விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். அடியில் இறுகிப்போன சேறு இருக்கும்.

பெடல் மாற்றினால், சில எஞ்சின்கள் சாவி ஆனில் ஒரு முறை முழுவதும் மிதித்து விட்டாலே புது எல்லையைக் கற்றுக்கொள்ளும். சிலவற்றுக்கு ஸ்கேனர் இல்லாமல் முடியாது. கற்பிக்காவிட்டால் எஃப்எம்ஐ 13 வந்து நிற்கும், ‘புதுசும் பழுது’ என்ற பேச்சு அங்கிருந்துதான் பிறக்கிறது.

ஜூன் 16

எஸ்பிஎன் 51 வருகிறது, டயலை மாற்றலாமா என்பவருக்கு: மாற்றாதீர்கள். அது காற்று வழியில் உள்ள த்ராட்டில் வால்வு. இஜிஆர் (புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பி அனுப்புவது), சூட் எரிப்பு (புகை ஃபில்டரில் சேர்ந்த கரியை எரிப்பது) இவற்றுக்காகப் புதிய டீசல்களில் வைக்கிறார்கள். பெயர் ஒன்று, வேலை வேறு. கரி படிந்து தட்டு சிக்கியிருக்கும், கழற்றித் துடைத்துப் பாருங்கள். தட்டைக் கையால் நெம்பாதீர்கள், உள்ளே பல் சக்கரம் உடையும்.

ஜூன் 19

மெக்கானிக்கல் பம்ப் உள்ள பழைய எக்ஸ்கவேட்டருக்கு இதில் எது பொருந்தும் என்று கேட்டவருக்கு: பாதி பொருந்தும். அங்கே டயல் சொல்வதைக் கன்ட்ரோலர் கேட்டு, ஒரு கவர்னர் மோட்டாரைச் சுழற்றி, கம்பி வழியாகப் பம்ப்பின் லீவரை இழுக்கும். மோட்டாரிலேயே இன்னொரு பொட்டென்ஷியோமீட்டர் இருந்து ‘இங்கே நிற்கிறேன்’ என்று திருப்பிச் சொல்லும். ஆக, தேய்வதற்கு இரண்டு கார்பன் பாதைகள். எஞ்சின் ஏறி இறங்கி ஊசலாடினால் மோட்டாரில் உள்ளதை முதலில் சந்தேகியுங்கள்.

சோதனை எளிது. எஞ்சினை அணைத்துவிட்டு, பம்ப் லீவரிலிருந்து கம்பியைக் கழற்றுங்கள். சாவியை மட்டும் ஆன் செய்து டயலைத் திருப்புங்கள். மோட்டாரின் கை டயலோடு நிதானமாக வந்து நின்றால் மின் பக்கம் சரி. அதன் பிறகு பம்ப் லீவரைக் கையால் அசைத்துப் பாருங்கள், இறுக்கமாக இருந்தால் கோளாறு அங்கே. திரும்ப மாட்டும்போது கம்பியின் நீளத்தைப் புத்தக அளவுக்கு வையுங்கள். ஒரு புரி கூடினாலும் முழு வேகம் கிடைக்காது, பிறகு அதற்கும் டயலைத்தான் மாற்றுவீர்கள்.